62 மில்லிமீட்டருக்குள் ஒரு கப்ளிங்: திரவக் குளிர்விப்பு ரேக்கில் விரைவு இணைப்பி வடிவமைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

இடம் போதாத இயந்திரத்துக்கு விரைவு இணைப்பி (கப்ளிங்; குழாயைக் கருவியின்றி மாட்டிக் கழற்ற உதவுவது) தேடுபவர்கள் முதலில் புரட்டுவது அதன் வெளிவிட்டமும் நீளமும் உள்ள பக்கத்தைத்தான். இணைத்த நிலையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை அந்தப் பக்கம் சொல்லிவிடும். கழற்றும்போது எவ்வளவு இடம் கேட்கும் என்பதை அது சொல்லாது. நெருக்கடியான இடங்களில் வடிவமைப்பு தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது அளவில்தான். அது எப்படி என்பதை ஒரு ரேக்கை வைத்து எண்களோடு பார்க்கலாம்.

எடுத்துக்கொண்ட அமைப்பு

ஒரு ரேக்கில் 16 சர்வர் ட்ரேக்கள். ஒவ்வொன்றும் 1 யூ உயரம், அதாவது 44.45 மி.மீ. ஒரு ட்ரேயிலிருந்து கோல்ட் பிளேட் (சிப்பின் மேல் அமர்ந்து, உள்ளே ஓடும் திரவத்துக்கு வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடு) வழியாக வெளியேற்ற வேண்டிய வெப்பம் 2 கிலோவாட். குளிர்த்திரவம் 25 சதவீதம் புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த நீர். இயங்கு அழுத்தம் 3 பார். ட்ரேயின் பின்தகட்டுக்கும், ரேக்கின் பின்னால் செங்குத்தாக நிற்கும் இரண்டு மேனிஃபோல்ட் குழாய்களுக்கும் (ஒன்று எல்லா ட்ரேக்களுக்கும் திரவத்தைப் பங்கிடுவது, மற்றது திரும்ப வாங்குவது) நடுவே 62 மி.மீ. இந்த அளவுகள் கணக்குக்காக வகுத்துக்கொண்டவை. எங்கே இடிக்கும், எங்கே கசியும் என்பவை இவ்வகை அமைப்புகளில் வழக்கமாக நேர்பவை.

முதலில் எவ்வளவு திரவம் ஓட வேண்டும் என்று பார்ப்போம். இந்தக் கலவையின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு, டிகிரிக்குச் சுமார் 3.9 கிலோஜூல், ஒரு லிட்டர் 1.02 கிலோ. நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் 10 டிகிரி வேறுபாடு என்றால் விநாடிக்கு 0.051 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 3 லிட்டர். 8 மி.மீ. உள்விட்டக் குழாயில் இது விநாடிக்கு 1 மீட்டர் வேகம். பெரிய ஓட்டமே இல்லை. ஆகவே இந்த வேலைக்குச் சிறிய கப்ளிங் போதும் என்ற முடிவுக்கு வந்துவிடுவது எளிது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கையால் மாட்டும் கப்ளிங்: ஏன் கைவிட நேர்ந்தது

முதல் தேர்வு, ஸ்லீவை, அதாவது வெளிவளையத்தை, பின்னுக்கு இழுத்துக் கழற்றும் பந்துப் பூட்டு வகை. ஸ்லீவுக்கு அடியில் உள்ள சிறு பந்துகள், உள்ளே நுழையும் நிப்பிள் முனையின் பள்ளத்தில் விழுந்து பூட்டும். ஸ்லீவின் வெளிவிட்டம் 20 மி.மீ. நுழைவு, வெளியேற்றம் இரண்டுக்கும் மைய இடைவெளி 32 மி.மீ. இரண்டு ஸ்லீவுகளுக்கும் நடுவே மிஞ்சுவது 12 மி.மீ.தான். விரல் நுழையாது. மேலும் கீழும் அடுத்த ட்ரேயின் கப்ளிங் வரை 24 மி.மீ. உண்டு. வெறும் விரல் போகும், கையுறை போட்டால் முட்டும். பக்கத்து ஹோஸ்கள் குறுக்கே தொங்கினால் அதுவும் போயிற்று.

இப்படிப்பட்ட இடத்தில் ஸ்லீவை முழுதாக இழுக்க முடியாது. பாதி இழுத்த ஸ்லீவில் பந்துகள் பாதிதான் விடுபடும். அந்த நிலையில் ஹோஸைப் பிடித்து ஆட்டிக் கழற்றுவார்கள். பந்துகள் நிப்பிளின் பள்ளத்து ஓரத்தைக் கீறிக்கொண்டே வெளியே வரும். நாளடைவில் அந்த ஓரம் மழுங்கிவிடும். பிறகு கப்ளிங் ‘கிளிக்’ என்று பூட்டிய சத்தம் கேட்கும், அழுத்தம் ஏறியதும் நழுவும்.

நீளக் கணக்கு இன்னும் மோசம். தகட்டிலிருந்து நிப்பிள் நீட்டிக்கொண்டிருப்பது 14, கப்ளிங் உடல் 42, ஹோஸ் மாட்டும் பார்பும் கிளாம்பும் 20. அதற்குப் பிறகு ஹோஸ் வளைய வேண்டும். 12 மி.மீ. வெளிவிட்ட ஹோஸின் குறைந்தபட்ச வளைவு ஆரம் 45 என்று வைத்தால், ஹோஸின் பாதித் தடிமன் 6-ஐயும் கூட்டி மொத்தம் 127 மி.மீ. இருப்பதோ 62.

எல்போ (செங்கோணத் திருப்பம்) வைத்த கப்ளிங்கை எடுத்துப் பார்க்கலாம். நிப்பிள் 14, எல்போவோடு உடல் 36, கூட்டினால் 50. இது 62-க்குள் அடங்கிவிடுகிறது என்று வரைபடத்தில் தோன்றும். ஆனால் கழற்ற வேண்டுமானால் கப்ளிங் 12 மி.மீ. பின்னுக்கு நகர வேண்டும். கணக்கு சரியாக 62-இல் வந்து நிற்கிறது. எல்போவின் முதுகுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் ஒரு விரல் நகம்கூட இறங்காது. பின்வெளி 85 மி.மீ. இருந்து, மைய இடைவெளியையும் 45-க்கு விரித்திருந்தால் கையால் மாட்டும் வகையே போதும். அதுதான் மலிவும் எளிமையும். அந்த வெளி இங்கே இல்லை.

எல்போ என்றதும் அழுத்த இழப்பைப் பற்றிக் கவலைப்படுவார்கள். விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கூர்மையான 90 டிகிரி திருப்பத்தின் இழப்பு 0.006 பார் அளவில்தான். அதைக் கண்டுகொள்ள வேண்டாம். சுழலும் எல்போவாக இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். அதில் கூடுதலாக ஒரு ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இருக்கிறது, அது கூடுதலாக ஒரு கசிவு வழி.

பார்க்காமலே மாட்டும் கப்ளிங்

கை நுழையாத இடத்தில் கையை வேலையிலிருந்தே எடுத்துவிடுவதுதான் வழி. ட்ரேயை முன்னாலிருந்து உள்ளே தள்ளும்போதே பின்னால் கப்ளிங் தானாகப் பொருந்த வேண்டும். பிளைண்ட் மேட் என்று சொல்லப்படும் இந்த வகையில் பூட்டே கிடையாது. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது ட்ரேயின் முன்நெம்புகோல்தான். மேனிஃபோல்டில் 34 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும் பெண் பாதி. ட்ரேயின் பின்தகட்டில் மிதக்கும் ஆண் பாதி, அதாவது ஸ்பிரிங் மேல் உட்கார்ந்து சற்றே நகரக்கூடியது. இரண்டு மேனிஃபோல்ட் குழாய்களும் 40 மி.மீ. சதுரம் என்பதால் மைய இடைவெளி 44 ஆகிறது.

ஓ-ரிங் ஆண் பாதியில் இருப்பது தெரிந்தே செய்த தேர்வு. ட்ரேயை வெளியே எடுத்து மேசையில் வைத்து ஓ-ரிங் மாற்றலாம். ரேக்கின் பின்னால் மேனிஃபோல்டுக்குள் ஊசியை விட்டுத் துழாவ வேண்டியதில்லை. விலையாக, ட்ரே வெளியே கிடக்கும்போது ஓ-ரிங் தூசிக்கும் இடிபடலுக்கும் ஆளாகும். மூடி கட்டாயம்.

இரு பாதிகளும் தட்டை முகம் கொண்டவை. பழைய பாப்பெட் வகையில் இரு வால்வுகளுக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் அதில் தேங்கிய திரவம் கொட்டும், மாட்டும்போது அதே அளவு காற்று உள்ளே போகும். தட்டை முகத்தில் எஞ்சுவது மேற்பரப்பில் ஒட்டிய ஈரம் மட்டும். 12 மி.மீ. முகத்தில் 0.1 மி.மீ. தடிமன் ஈரம் என்றால் 0.011 மில்லிலிட்டர். அப்படியிருந்தும், கப்ளிங் எப்போதும் மின் இணைப்பிக்குக் கீழேயே இருக்க வேண்டும், மேலே ஒருபோதும் கூடாது.

சீல் பள்ளம்

ஓ-ரிங் 9 மி.மீ. உள்விட்டம், 1.8 மி.மீ. தடிமன். பெண் பாதியின் துளை 12.00, எச்8 பொருத்தம், அதாவது 12.000 முதல் 12.027 வரை. ஆண் பாதியின் பள்ளத்து அடிவிட்டம் 9.15, கூட்டல் கழித்தல் 0.05. பள்ள ஆழம் 1.425, அழுக்கம், அதாவது ஓ-ரிங் நசுங்கும் அளவு, சுமார் 20 சதவீதம். பள்ள அகலம் 2.4, ஓ-ரிங் அதில் 74 சதவீதத்தை நிரப்பும். 85 சதவீதத்தைத் தாண்டவிட்டால் வெப்பத்தில் விரியும் ரப்பருக்குப் போக இடமிருக்காது.

பெயரளவுக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது. ஓ-ரிங் தடிமனே 0.08 கூடலாம், குறையலாம். மெல்லிய ஓ-ரிங், பெரிய துளை, சிறிய பள்ள விட்டம், ஆண் பாதி ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பது எல்லாம் ஒன்றுசேர்ந்தாலும் அழுக்கம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. எதிர் முனையில் 25 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. இரண்டும் ஏற்கத்தக்கவை. ஆழத்தை இன்னும் குறைத்து ‘நன்றாக இறுக்கி’ வைத்தால் உராய்வு ஏறும், மாட்டும் விசை ஏறும். அதன் விளைவு கீழே வருகிறது.

பள்ளத்தில் உட்கார்ந்த ஓ-ரிங்கின் வெளிவிட்டம் ஏறத்தாழ 13 வரை போகும். ஆகவே துளையின் வாய் 14 மி.மீ.க்கு விரிந்து, 20 டிகிரி சரிவில் 2.75 மி.மீ. தூரத்தில் 12-க்கு இறங்க வேண்டும். சரிவு முடிந்து துளை தொடங்கும் விளிம்பை 0.2 மி.மீ. ஆரத்தில் மழுக்க வேண்டும். கடைசல் விட்டுச்சென்ற பிசிறு அங்கே இருந்தால் ஓ-ரிங்கின் தோலை ஒவ்வொரு முறையும் மயிரிழையாகச் சீவும். கசிவு பத்தாவது முறையிலா நூறாவது முறையிலா என்பதுதான் கேள்வி.

ரப்பர், பெராக்சைடு முறையில் பதப்படுத்திய இ.பி.டி.எம். கிளைக்கால் கலந்த நீருக்கு அது பொருத்தம். கனிம எண்ணெய்க்குச் சுத்தமாக ஆகாது. பொருத்தும் மேசையில் கிடக்கும் சாதாரண கிரீஸையோ வாசலினையோ தடவினால் ஓ-ரிங் ஊதிப்போகும். சிலிக்கோன் கிரீஸ் மட்டும், அதுவும் மெல்லிய பூச்சாக.

மிதப்பு: இந்த வடிவமைப்பின் உயிர்நாடி

ட்ரே எங்கே வந்து நிற்கும் என்பது உறுதியில்லை. அச்சுத் திசையில், அதாவது ட்ரே உள்ளே போகும் திசையில், கூட்டல் கழித்தல் தவறுகள்: ட்ரே தகடு 0.5, மேனிஃபோல்ட் நிலை 0.8, ரேக் தூண் 0.5, நெம்புகோல் தளர்ச்சி 0.4. எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் கூட்டல் கழித்தல் 2.2 மி.மீ. வர்க்கமூல முறையில் (வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்து) கூட்டினால் 1.14 என்று ஆறுதலாக வரும். ஆனால் இதில் மேனிஃபோல்ட் தவறு ஒரே ரேக்கின் 16 ட்ரேக்களையும் ஒன்றாகப் பாதிக்கும். அதனால் 2.2-ஐயே எடுப்பது நல்லது.

இந்தத் தவறைக் கப்ளிங்கின் உள்வால்வே தாங்கட்டும் என்று விட்டால் என்ன ஆகும்? சீல் பிடித்திருக்கும், ஒரு துளிகூடக் கசியாது, ஆனால் வால்வு முழுதாகத் திறந்திருக்காது. முழுத் திறப்பில் கப்ளிங்கின் ஓட்டக் கெழு, கேவி (1 பார் இழப்பில் மணிக்கு எத்தனை கனமீட்டர் ஓடும் என்ற எண்), 0.45 என்று வைப்போம். நிமிடத்துக்கு 3 லிட்டரில் இழப்பு 0.16 பார். திறப்பு குறைந்து கேவி 0.27-க்கு இறங்கினால் இழப்பு 0.45 பார், ஏறத்தாழ மூன்று மடங்கு. ட்ரேக்கு இரண்டு கப்ளிங், ஆக 0.9 பார். எல்லா ட்ரேக்களும் ஒரே மேனிஃபோல்டில் இணையாக இருப்பதால் அந்த ஒரு ட்ரேக்கு மட்டும் ஓட்டம் குறையும். பம்ப் அளவீட்டில் எதுவும் தெரியாது, சிப் மட்டும் சூடேறும். கோல்ட் பிளேட்டைக் கழற்றி, வெப்பப் பசையை மாற்றி, இரண்டு நாள் போன பிறகுதான் கப்ளிங் பக்கம் பார்வை திரும்பும்.

ஆகவே விதி இது: இரு பாதிகளும் எப்போதும் தோள்மேல் தோள் முட்டும்வரை சேர வேண்டும், மிச்சத் தவறு முழுவதையும் மிதப்பு ஸ்பிரிங் விழுங்க வேண்டும். பெயரளவு நிலையில் மிதப்பு 2.7 மி.மீ. அமுங்கி இருக்கட்டும். அப்போது வீச்சு 0.5 முதல் 4.9 வரை.

மிதப்பு ஸ்பிரிங்கின் முன்விசை, அதாவது அது அமுங்கத் தொடங்கும் விசை, எவ்வளவு? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மென்மையாக மிதக்கட்டும் என்று 20, 30 நியூட்டன் போடுவார்கள். கப்ளிங்கை முழுதாகச் சேர்க்கத் தேவையான விசையைப் பாருங்கள். 12 மி.மீ. துளையின் பரப்பு 113 சதுர மி.மீ.; 3 பாரில் 34 நியூட்டன். இரு வால்வு ஸ்பிரிங்குகள் 16. ஓ-ரிங் உராய்வு 8. மொத்தம் 58. மிதப்பு இதைவிடத் தளர்வாக இருந்தால் முதலில் அமுங்குவது மிதப்புதான், கப்ளிங் பாதியில் நின்றுவிடும். முன்விசை 75 நியூட்டன், விறைப்பு மி.மீ.க்கு 5 என்று வைத்தால் கடைசி நிலையில் 100 நியூட்டன் வரை போகும்.

பூட்டு இல்லாததால் இயங்கும்போதும் இதே விசைதான் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. மிகக் குறைந்த அமுக்கத்தில், 0.5 மி.மீ.இல், 77.5 நியூட்டன். அதில் வால்வு ஸ்பிரிங்குகளின் 16-ஐக் கழித்தால் அழுத்தத்தை எதிர்க்க 61.5 மிஞ்சும். அது 5.4 பாருக்குச் சமம். அதற்கு மேல் அழுத்தம் ஏறினால் தோள்கள் பிரியத் தொடங்கும். விறைப்பான குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தைச் சட்டென நிறுத்தினால் 13 பார் அளவில் அழுத்த அடி எழும். ஹோஸின் நெகிழ்வு அதைத் தணித்தாலும் முற்றாக நம்ப முடியாது. அதனால் பாதுகாப்பு வால்வு 3.5 பாரில், பம்ப் மெதுவாக வேகமெடுக்க வேண்டும், அடைப்பு வால்வுகள் மெதுவாக மூட வேண்டும்.

பக்கவாட்டுத் தவறுக்கு 8 மி.மீ. வழிகாட்டி முளை. கூம்பு முனையோடு, கப்ளிங் தொடுவதற்கு 25 மி.மீ. முன்பே துளைக்குள் போய், 3 மி.மீ. வரை விலகலை 0.5-க்குக் குறைக்கிறது. மிச்சத்துக்கு 1 மி.மீ. பக்க மிதப்பு போதும். கோண மிதப்பை மறந்துவிடுவது வழக்கம். ஆண் பாதிக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி 0.016 வரை குறையலாம், 10 மி.மீ. பொருத்த நீளத்தில் அது 0.09 டிகிரி சாய்வுக்குத்தான் இடம் தரும். மேனிஃபோல்டின் நீட்டம் 34 மி.மீ. என்பதால் 1 டிகிரி சாய்ந்தால் முனை 0.6 மி.மீ. விலகும். மிதக்கும் பாதி 1 டிகிரி ஆடும்படி இல்லையென்றால் துருப்பிடிக்காத எஃகு மேல் எஃகு உரசி ஒட்டிக்கொள்ளும். இரு பாதிகளுக்கும் ஒரே தரத்து எஃகை ஒரே கடினத்தில் வைப்பதும் இதே ஒட்டலுக்கு வழி.

ட்ரேக்குள் மிதக்கும் பாதிக்கும் கோல்ட் பிளேட்டுக்கும் இடையே உள்ள ஹோஸும் மிதப்பின் ஒரு பகுதிதான். இடமில்லை என்று அதைக் குட்டையாக நேராகப் போட்டால், அது ஒரு கட்டைபோல் மிதப்பை எதிர்த்து நிற்கும். ஒரு வளைவாவது விட்டுப் போட வேண்டும்.

விசை எங்கே போய்ச் சேருகிறது

ட்ரேக்கு இரண்டு கப்ளிங், 200 நியூட்டன் வரை. 6-க்கு 1 நெம்புகோல்கள் இரண்டு வைத்தால் ஒரு கைக்கு 17 நியூட்டன். இது சுகமான விசை. ஆனால் ட்ரே தாங்கிவிட்டது என்பதால் விசை மறைந்துவிடவில்லை. மேனிஃபோல்ட் அதை வாங்கிக்கொள்கிறது. 16 ட்ரே, ஒரு மேனிஃபோல்டுக்கு ட்ரேக்கு 100 என்றால் 1600 நியூட்டன் அதைப் பின்னால் தள்ளுகிறது. 40 மி.மீ. சதுரம், 2 மி.மீ. தடிமன் எஃகுக் குழாய், 711 மி.மீ. நீளத்தில் இரு முனைகளிலும் மட்டும் தாங்கியிருந்தால், நடுவே அரை மி.மீ.க்குச் சற்று மேல் வளையும். துளைகள் குடைந்த பிறகு இன்னும் கூடுதல். 2.2-இல் இது சேர்க்கப்படவே இல்லை! விளைவு வேடிக்கையாக இருக்கும்: நான்கு ட்ரேக்களோடு சோதித்தபோது எல்லாம் சரி, ரேக் நிரம்பியதும் நடு ட்ரேக்களுக்கு மிதப்பின் மிச்சம் கரைந்துபோகும். நடுவில் ஒரே ஒரு தாங்கி வைத்தால் வளைவு 0.02-க்கும் கீழே இறங்கிவிடும். ட்ரேயின் பின்தகடு 1 மி.மீ. என்றால் அதற்கும் மிதப்பு வீட்டைச் சுற்றி ஒரு வலுத்தகடு வேண்டும்.

சேரும் வரிசை

தள்ளும்போது முதலில் வழிகாட்டி முளை, பிறகு ஆண் பாதியின் மூக்கு, பிறகு ஓ-ரிங். ஓ-ரிங் துளைக்குள் குறைந்தது 1.5 மி.மீ. போன பிறகே வால்வு முகங்கள் தொட வேண்டும். வால்வுகள் முழுதாகத் திறந்த பிறகே மின் இணைப்பி சேர வேண்டும். வெளியே இழுக்கும்போது இதுவே தலைகீழ்: மின்சாரம் முதலில் போகும், திரவம் பிறகு. இந்த வரிசை நெம்புகோலின் வீச்சுக்குள் முழுதும் நடந்தாக வேண்டும். பாதி தூரம் நெம்புகோல், பாதி தூரம் உள்ளங்கை என்றால் ட்ரேயை இடித்துத் தள்ளுவார்கள்.

வால்வு ஸ்பிரிங்: 0.6 மி.மீ. துருப்பிடிக்காத கம்பி, சராசரிச் சுருள் விட்டம் 6, செயல்படும் சுற்று 5. விறைப்பு மி.மீ.க்கு 1.05 நியூட்டன். சுதந்திர நீளம் 12.7, மூடிய நிலையில் 8.7, திறந்த நிலையில் 5.2, சுற்றுகள் ஒட்டும் நீளம் 4.2. மூடிய விசை 4.2, திறந்த விசை 7.9 நியூட்டன். கடைசி 1 மி.மீ. இடைவெளியை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒட்டிப்போன ஸ்பிரிங் சீக்கிரமே தளரும்.

பிறகு வரும் கோளாறுகள்

கழற்றி வைத்த ட்ரே மறுபடி மாட்ட மறுப்பது அடிக்கடி கேட்கும் புகார். இரு முனையும் மூடி, உள்ளே திரவம் நிரம்பி இருக்கிறது. 20 டிகிரியில் கழற்றி, வெயிலில் நின்ற வண்டியில் 60 டிகிரிக்கு ஏறினால் சுத்த நீரே 1.5 சதவீதம் விரியும். கிளைக்கால் கலந்தால் இன்னும் அதிகம். விரிய இடமே இல்லாவிட்டால் ஒவ்வொரு 1 சதவீதத்துக்கும் 200 பாருக்கு மேல். ஹோஸ் கொஞ்சம் வீங்கி அதைப் பெருமளவு தணிக்கும், ஆனாலும் 6 பார் எஞ்சினாலே மாட்டும் விசை 90 நியூட்டனைத் தாண்டி மிதப்பின் 75-ஐ வென்றுவிடும். கப்ளிங் பாதியில் நிற்கும். ட்ரேயை எடுத்துச் செல்லும் முன் அழுத்தம் இறக்கும் அடாப்டரை ஒரு தட்டுத் தட்டி, சில மில்லிலிட்டர் வெளியேற்றிவிட்டால் போதும்.

கழற்றியதும் சொட்டுவிட்டபடியே இருந்தால் வால்வு இருக்கையில் குப்பை. பெரும்பாலும் திருகில் சுற்றிய பி.டி.எஃப்.இ. டேப்பின் நூல், அல்லது ஹோஸ் வெட்டியபோது விழுந்த ரப்பர்த் துகள். திருகுகளுக்கு டேப்பே வேண்டாம். முகத்தில் ஓ-ரிங் அமரும் நேர்த்திருகைப் பயன்படுத்தலாம். கப்ளிங் மாட்டும் முன் சுற்று முழுவதையும் அலசி, மேனிஃபோல்ட் நுழைவில் 50 மைக்ரான் வடிகட்டி வைக்க வேண்டும்.

மாதக்கணக்கில் மாட்டியே இருந்த கப்ளிங்கில் ஓ-ரிங் உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதல் இழுப்பு கனக்கும். நெம்புகோல் உள்ளே தள்ள மட்டும் உதவி, வெளியே இழுக்கக் கைப்பிடி தகடாக இருந்தால், அந்தத் தகடு வளையும். இரு திசையிலும் நெம்ப வேண்டும்.

சுற்றில் செம்பு கோல்ட் பிளேட் இருக்கும்போது அலுமினியக் கப்ளிங் கூடாது. அரிப்பில் வரும் வெண்பொடி முதலில் அடைப்பது கோல்ட் பிளேட்டின் நுண்கால்வாய்களை.

ஏற்கும் முன் சோதனை

உலர்ந்த நிலையில் 3 பார் காற்று, நீருக்குள் 2 நிமிடம்: சேர்த்தும் பிரித்தும் இரு நிலையிலும் குமிழி வரக் கூடாது. அடுத்து மேனிஃபோல்டுக்கு ஷிம் (மெல்லிய இடைத்தகடு) வைத்து அச்சுத் திசையில் மைனஸ் 2.2, 0, பிளஸ் 2.2 என மூன்று நிலைகளில் அழுத்த இழப்பை அளக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக வந்தால் மிதப்பு சரி. தூர நிலையில் மட்டும் கூடினால் முன்விசை போதவில்லை. இதே அளவீட்டை நான்கு மூலைக் கோணங்களிலும் செய்ய வேண்டும். சொட்டு அளவுக்கு, முன்பே எடைபோட்ட ஒற்றுத்தாளால் பத்து முறை கழற்றித் துடைத்து மில்லிகிராம் தராசில் உடனே நிறுக்கலாம். ஒரு கப்ளிங்குக்குப் பத்து முறைக்கு 0.2 கிராமைத் தாண்டினால் வால்வு முகங்கள் ஒரே மட்டத்தில் இல்லை என்று பொருள். கடைசியாக ரேக்கை முழுதாக நிரப்பி, நடு ட்ரேயின் மிதப்பு அமுக்கத்தை ஆழமானியால் அளந்து பார்க்க வேண்டும். 0.5-க்குக் கீழே காட்டினால் மேனிஃபோல்ட் தாங்கியைத் திரும்பப் பார்க்க வேண்டும்.